புரோக்கர் பாஸான கதை

வாயை வைத்துப் பிழைத்த மனிதர் அவர். வீட்டுத் தரகர். கட்டின பெண்டாட்டி முதல் கறிகாய்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் புரோக்கர்தான். வேறு பெயர் இருப்பதே பலருக்கு மறந்து போயிருந்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறிய வீட்டுக்குள் ஆளைக் கூட்டிப் போய் நிறுத்தி, "காத்தோட்டம் பாத்தீங்களா, வெளிச்சம் பாத்தீங்களா" என்று ஆரம்பித்தாரானால், வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டே எப்போது குடிவரலாம் என்று கேட்பார். அந்த வாய், ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பிரஷ் கையிலிருந்து நழுவியது. வலது காலும் கூடவே மடங்க, வாஷ்பேசினைப் பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியாமல் விழுந்தார்.

பக்கவாதம் என்றார்கள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பாம். உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை வேண்டாவெறுப்பாகத் தோளில் தொங்கியது. பேச்சு மட்டும் போனது போனதுதான். மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "அதான்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். ஃபேனைக் குறைக்கச் சொன்னாலும் அதான். கோபம் வந்தால் அதான் அதான் அதான் என்று மேஜையைத் தட்டுவார். புத்தி மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் சொல்வது ஒன்று விடாமல் அவருக்குப் புரியும். ஜோக் சொன்னால் சரியான இடத்தில் சிரிப்பார். உள்ளே எல்லாம் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. இதைவிடக் கொடுமை ஒரு மனிதனுக்கு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் மனைவியை எல்லோரும் டீச்சர் என்பார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. வீட்டு முன்னறையில் டியூஷன் எடுப்பவள். அதிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அவளிடம் வருவதில்லை. மூன்று தடவை கோட்டடித்தது, வாத்தியார்கள் கைகழுவிவிட்டது, அப்பன்காரன் தலையில் அடித்துக்கொண்டு இழுத்து வருவது, இதெல்லாம்தான் அவளுடைய கிராக்கி. "புரியறது அப்புறம் புரியட்டும். முதல்ல பாஸாகு" என்பது அவள் கட்சி. பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு எது எது திரும்பத் திரும்ப வருகிறதென்று பார்ப்பாள். அதை மட்டும் உருப்போட வைப்பாள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் ஒப்பிக்கிற அளவுக்கு. அவளிடம் வந்த பிள்ளை ஒன்றுகூடப் பெயிலானதில்லை. புரோக்கர்கூடக் கேலி செய்வார்: "இடிஞ்ச வீட்ட நான் தள்ளிவிடறேன், மக்குப் பிள்ளைய நீ தள்ளிவிடற. ஜாடிக்கேத்த மூடிதான்."

அவர் விழுந்த அன்றைக்கே டியூஷன் போர்டைக் கழற்றிவிட்டாள். பிள்ளைகளின் அம்மாக்கள் போனில் கெஞ்சினார்கள். "எனக்கு இப்ப ஒரே ஒரு ஸ்டூடண்ட்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். மற்ற இடங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் காலை மடக்கி நீட்டி அனுப்பிவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. வார நாள் அத்தனையும் காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. படுக்கை கிடையாது, ராத்தங்கல் கிடையாது. பகல் முழுக்க வேலைதான். முதலில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடை. பிறகு எங்கேயும் போய்ச் சேராத ஒரு மரப்படிக்கட்டு, அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அடுத்த அறையில் ஒரு பலகை. அதில் குழாய், தாழ்ப்பாள், ஸ்விட்ச், சட்டைப் பித்தான் எல்லாம் வரிசையாக அறைந்திருக்கும், செத்த கையால் அதையெல்லாம் திருகிப் பழக வேண்டும். கடைசியில் பேச்சுக்கான சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, பேசப் பழக்குகிற ஸ்பீச் மேடம்.

ஸ்பீச் மேடம் வயதில் சின்னவள், பொறுமையில் பூமாதேவி. புரோக்கர் அதான் என்றால், "அதேதான் சார், ஆனா இதுக்கு வேற பேரு இருக்கு, பாருங்க, உதட்ட மூடுங்க" என்று கண்ணாடியில் உதட்டைக் காட்டுவாள். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கவனிப்பாள். டீச்சரின் தம்பிதான் தன் காரில் இருவரையும் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போவான்.

எல்லாம் சரி. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. முன்னேற்றம் இருந்தால் அடுத்த மாதமும் வரலாம். இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வெளியே வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் புரோக்கரோடு கூடவே சேர்ந்தவர். ஒரு மத்தியானம் அவர் மனைவி நடைபாதையில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முன்னேற்றமே இல்லையாம் டீச்சர். இனிமே வீட்லயே பயிற்சி செஞ்சுக்கணுமாம்."

"அப்படிச் சொல்லிட்டா எப்படி?"

"சொல்லிட்டாங்களே. வீட்ல நான் என்னத்தச் செய்ய? அவரு சுவத்தப் பாப்பாரு, நான் அவரப் பாப்பேன். வேறென்ன?"

டீச்சர் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். புரோக்கரின் முதல் மாதப் பரிசோதனையில் படம் காட்டிப் பெயர் கேட்டார்கள், எல்லாப் படத்துக்கும் அதான். இரண்டாம் மாதமும் அதே கதை. ஒரே ஒரு இடத்தில் "சீ" என்று மட்டும் வந்தது. "அது சீப்புதான், பாதி வந்துடுச்சு" என்று ஸ்பீச் மேடம் எப்படியோ மேலே பேசி ஒரு மாதம் வாங்கிக் கொடுத்திருந்தாள். "இந்த மாசம் கொஞ்சமாவது காட்டணும்மா. இல்லன்னா நான் என்ன சொல்லியும் எடுபடாது" என்றும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் காரில் வரும்போதுதான் டீச்சருக்கு அது உறைத்தது. தினப் பயிற்சிக்கு ஸ்பீச் மேடம் விதவிதமாகப் படம் எடுப்பாள். ஆனால் பரிசோதனைக்கு மட்டும் பீரோவிலிருந்து ஒரு கம்பிச் சுருள் போட்ட படப் புத்தகம் வரும். இரண்டு தடவையும் அதே புத்தகம். சுருள் போட்டு இறுக்கியதால் பக்கம் மாறாது. அதே சாவி, அதே சீப்பு, அதே வாளி, அதே வரிசை.

அட கடவுளே, கேள்வித்தாளே மாறாத பரீட்சை! இத்தனை வருஷம் டியூஷன் எடுத்தவளிடம் போய் இதைக் காட்டலாமா?

மறுநாளே வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் இடது உள்ளங்கையை விரித்துப் பிடித்து, வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற ராகத்தில் தட்டித் தட்டிச் சொன்னாள்: "சாவி, சீப்பு, வாளி, கத்திரிக்கோல். ஏணி, பூட்டு, மணி, தலையணை." ராகத்தோடு இழுத்தால் அவர் வாய் கொஞ்சம் அசைந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சா. பிறகு சாவி. வேர்த்து விறுவிறுத்துப் போவார். "இன்னொரு தடவ" என்பாள். மேஜையைத் தட்டுவார். "என்னைத் திட்டுங்க, பரவால்ல, ஆனா சொல்லுங்க" என்பாள்.

ஒரு நாள் வந்துவிட்டது. முதல் வார்த்தையைப் பிடித்தவர் கடைசிப் படமான விசிறி வரைக்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தார். சொல்லி முடித்துவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஓவென்று அழுதார். டீச்சரும் அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி இரண்டு பேரும் சேர்ந்து அழுததில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மச்சினன் வந்தால் ஒப்பிப்பார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரை நிற்க வைத்து, பழைய புரோக்கர் குரலில், இடது கையை வீசி, "சாவி, சீப்பு, வாளி" என்று ஏதோ மூன்று மாடி வீட்டை விற்கிற மாதிரி ஏற்றி இறக்கிச் சொன்னார். அந்த ஆளும் பாவம், "ஆமாங்க, கரெக்ட்டுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"மாமா, நாளைக்கே வீடு காட்டக் கிளம்பிடலாம் போலிருக்கே!" என்று டீச்சரின் தம்பி கை தட்டினான்.

"சாவி, சீப்பு" என்று புரோக்கர் கண்ணடித்தார்.

டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். தாகம் எடுத்தாலும் அவர் சாவியிலிருந்துதான் ஆரம்பித்தார். வாளியைக் கையில் கொடுத்தாலும் சாவிதான். தனியாக ஒரு வார்த்தை கழன்று வரவில்லை. மொட்டை மனப்பாடம். அதனால் என்ன, அவளிடம் படித்த பிள்ளைகளும் இப்படித்தானே ஆரம்பித்தார்கள்? பாஸானால் அடுத்த மாதம். அடுத்த மாதம் கிடைத்தால் நிஜமான பேச்சு. அப்படித்தான் அவள் கணக்கு ஓடியது.

பரிசோதனை நாள். ஸ்பீச் மேடம் புத்தகத்தைத் திறந்தாள். புரோக்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவள் பக்கம் புரட்டப் புரட்ட வார்த்தை விழுந்தது. ஒன்று தப்பவில்லை. ஸ்பீச் மேடம் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்ததும் ஓடிப் போய் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். நடை சொல்லித் தருகிற ஃபிசியோ பையனும் எட்டிப் பார்த்தான். மறுபடியும் காட்டினார்கள், மறுபடியும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய டாக்டர் புரோக்கரின் தோளைத் தட்டி, "பிரமாதம் சார்" என்றார். புரோக்கர் எழுந்து நின்று, எதையும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு கும்பிடு போட முயன்றார். ஒரு கைதான் எழுந்தது.

பெரிய டாக்டர் போன பிறகு ஸ்பீச் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரின் கையைப் பிடித்தாள்.

"இந்தப் புத்தகத்துல பாதி சொன்னாலே இங்க வேலை முடிஞ்சதுன்னுதான் எங்க இலக்கு, அதையே தாண்டிட்டாரும்மா. நானே நம்பல. நாளையிலேருந்து இவரு தினம் வர வேண்டியதில்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டினா போதும்."

டீச்சருக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "வர வேண்டியதில்லன்னா?"

"இவரு இடத்த இன்னொருத்தருக்குக் கொடுத்தாச்சும்மா. டாக்டர் இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணச் சொல்லிட்டாரு. சந்தோஷமான விஷயம்தானே?"

"பாஸானா அடுத்த வகுப்புதானேம்மா?"

"இதுதாம்மா கடைசி வகுப்பு" என்று அவள் சிரித்தாள்.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. பெயிலானவனை வெளியே அனுப்புவார்கள் என்று தெரிந்துகொண்டவளுக்கு, பாஸானவனையும் வெளியேதான் அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. யாரைக் கேட்டிருப்பாள்? அந்த மூன்று மாதத்தில் பாஸாகிப் போன ஆளை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்த இடத்தில் அவள் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். தம்பி காரை எடுக்கப் போயிருந்தான். அவனை வரச் சொல்லி, புரோக்கரைக் கைத்தாங்கலாக வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கலாம். பதறிப் போனவளுக்கு அதெல்லாம் தோன்றுமா? அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பல்லாக. அவரை வைத்துக்கொண்டே அவள் கொட்டிவிட்டாள்.

"அய்யோ, அவருக்கு ஒண்ணும் வரலம்மா! ஒரு வார்த்தைகூட வராது. எல்லாம் நான் உருப்போட வெச்சது. அந்தப் புத்தகத்த நான் வரிசையா மனசுல வாங்கிட்டுப் போயி, அவர ஒப்பிக்க வெச்சேன். பேச்சே இல்லம்மா அது. சும்மா சத்தம். நீங்க வேணா கடைசிப் பக்கத்துலேருந்து காட்டிப் பாருங்க, அப்பவும் சாவின்னுதான் சொல்வாரு!"

புரோக்கரின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

ஸ்பீச் மேடம் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்தாள். விசிறிப் படம். புரோக்கர் படத்தைப் பார்த்தார். அது விசிறி என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. உதட்டைக் கூட்டினார், நெற்றி நரம்பு புடைத்தது.

"சாவி."

இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். விரலால் படத்தைக் குத்திக் காட்டினார். இதுதான், இதைத்தான் சொல்ல வந்தேன் என்று.

"சீப்பு."

மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தார். வாயை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை. சங்கிலி அவிழ்ந்துவிட்டது, அது பாட்டுக்கு ஓடியது. வாளி, கத்திரிக்கோல், ஏணி. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் தலை இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. தலையணை வரைக்கும் போனதும் ஸ்பீச் மேடம் புத்தகத்தை மூடி, அவர் கைமேல் கை வைத்து, "போதும் சார், போதும்" என்றாள். அப்படியும் மிச்ச வார்த்தைகள் வந்து தீர்ந்த பிறகுதான் வாய் நின்றது.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது. "இந்த மாசம் பூரா வீட்ல இதையே போட்டு உருட்டியிருக்கீங்க. நான் சொல்லிக் கொடுத்தது எதுவும் உள்ள போக வழியில்லாமப் போச்சே. அதான் இங்க தினமும் சாவி சாவின்னு ஆரம்பிச்சாரா? நான் நல்ல அறிகுறின்னுல்ல நெனச்சேன்!"

"தப்புதாம்மா. காலுல வேணா விழறேன். இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"எப்படிம்மா கேக்கறது? இலக்கைத் தாண்டிட்டாருன்னு சொன்னா இடம் கிடையாது. முன்னேற்றம் இல்லன்னு இப்பப் போய்ச் சொன்னா அப்பவும் கிடையாது. ஏற்கெனவே மூணு மாசம் பாத்தாச்சு."

ஆனாலும் நல்ல பெண், போய்க் கேட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டர் கையை விரித்தார். வரிசையில் அடுத்து நின்ற குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டது. யாரோ ஒரு இளம் பெண்ணாம், கைக்குழந்தைக்காரியாம். அவர்களிடம் வராதே என்று எந்த வாயால் சொல்வது? மறுபடி விண்ணப்பம் போட்டுக் காத்திருங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

வாசலுக்கு வரும்போது டீச்சர் வழக்கம்போல் அவர் வலது தோளுக்குக் கீழே கை கொடுத்தாள். அவர் விலகிக்கொண்டு சுவரைப் பிடித்தார். சுவரைப் பிடித்தே, காலை இழுத்து இழுத்து, கார் வரைக்கும் வந்தார். பின்சீட்டில் அவளோடு உட்காராமல் முன்கதவைத் திறக்கும்படி கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன மாமா, பாஸா?" என்றான் தம்பி, விஷயம் தெரியாமல்.

புரோக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. சாவி இல்லை, சீப்பு இல்லை, அதான்கூட இல்லை. பசித்தால் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார், வேண்டாமென்றால் கண்ணை மூடினார். வராமல் போயிற்றா, அவரே வேண்டாமென்று விட்டாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். டீச்சருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. ஊரெல்லாம் ஒன்றும் வராது என்று சொன்னபோது அதான் அதான் என்று முட்டி மோதிய மனிதர். தன் வாயில் பேச்சு வந்துவிட்டது என்று நம்பி நெஞ்சை நிமிர்த்தியவர். அது சும்மா சத்தம் என்று மூன்றாம் ஆள் முன்னால் போட்டு உடைத்தது யார்? அவள்தான். பேச்சு போனது ஒரு தடவை ரத்தக்குழாயால், இன்னொரு தடவை அவளால். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பழைய பத்திரிகைகளைக் கத்தரித்துப் படம் படமாக அட்டையில் ஒட்டினாள். ரயில், குழந்தை, மரம், மழை. ஒவ்வொரு நாளும் கலைத்துப் போட்டுத்தான் காட்டுவது, ராகமும் கிடையாது என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டாள். சாயங்காலம் அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் மேலதான் தப்பு. ஆயிரம் தடவ தப்பு. இந்தத் தடவ மனப்பாடமே கிடையாதுங்க. வராட்டி வராம போகட்டும். ரெண்டு பேருமா மெதுவா ஆரம்பிக்கலாம்." முதல் அட்டையைத் தூக்கினாள். "இது என்ன, சொல்லுங்க."

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"கோவம்னா திட்டுங்க. ஒரே ஒரு சத்தம் போடுங்க. எதாவது சொல்லுங்களேன்."

அவர் இடது கையைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். கை அவள் முகத்துக்கு வந்து, உள்ளங்கை அவள் வாய்மேல் படிந்து, மெதுவாக மூடியது. அழுத்தமே இல்லை. அவர் கண்ணில் கோபத்தைத் தேடினாள், கோபமும் இல்லை. முடிந்துவிட்டது, விடு என்று ஒரு களைப்பு மட்டும் இருந்தது. அவள் கண்ணீர் அவர் விரல் இடுக்கில் இறங்கியது. கையை அவர் எடுக்கவில்லை. அவளும் விலக்கவில்லை. மடியிலிருந்த அட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன.

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.